துரைகள் வாக்குக் கேட்டு வந்த ஊர்

பெஸ்தாரி ஜெயா என்று பெயர்ப்பலகை மாறி வருடங்கள் ஆகிவிட்டன. வயதானவர்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோல சிலாங்கூர் மாவட்டத்தின் உட்பகுதியில், நாலு பக்கமும் பாமாயில் தரும் செம்பனை சூழ்ந்த சின்ன டவுன். நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்டதும் இந்தப் பக்கத்தில்தான்: 1917இல், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொகோனியே, தென்னமரம் எஸ்டேட்டில். காப்பி சரிப்படாமல் போன நிலத்தில் செம்பனையைப் போட்டுப் பார்த்தார், அது பிடித்துக்கொண்டது.

அரசியல் வரைபடத்தில் இந்த ஊர் ஈஜோக் சட்டமன்றத் தொகுதிக்குள்ளும் கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள்ளும் வருகிறது. பதினைந்து ஆண்டு இடைவெளியில், நாட்டின் மிகப் பெரிய நிறுவனங்களை நடத்திய இரண்டு பேர் இங்கே வந்து கைகூப்பி ஓட்டுக் கேட்டார்கள். 2007 இடைத்தேர்தலில் வந்தவர் கத்ரி என்ற தோட்ட நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி டான்ஸ்ரீ காலிட் இப்ராஹிம். 2022 பொதுத் தேர்தலில் வந்தவர் சி.ஐ.எம்.பி. வங்கியின் முன்னாள் தலைமை நிர்வாகி தெங்கு சப்ருல் அசிஸ். முதலாமவர் தோற்றார், அடுத்த ஆண்டே அதே தொகுதியில் ஜெயித்து சிலாங்கூரின் மந்திரி பெசார், அதாவது மாநில முதல்வர், ஆனார். இரண்டாமவர் நிதியமைச்சராக இருந்தபடியே நின்று தோற்றார். தோற்ற இரண்டே வாரத்தில் மறுபடி அமைச்சரானார்.

கம்பெனிக்காரர்கள் அரசாங்கத்துக்குள் வரலாமா என்று பட்டணத்தில் விவாதம் நடக்கும்போது இந்த இரண்டு பெயர்களும் வரும். திறமைசாலிகள், கணக்குத் தெரிந்தவர்கள், வரட்டுமே என்பார்கள் சிலர். லாப நட்டம் பார்த்துப் பழகிய மனசுக்கு மக்கள் கஷ்டம் தெரியுமா என்பார்கள் வேறு சிலர். தோட்டத்து ஆட்களுக்கு இந்த விவாதமே கொஞ்சம் வேடிக்கையாகப் படும். ஏனென்றால் அவர்கள் வாழ்ந்த இடத்தில் கம்பெனி அரசாங்கத்துக்குள் வரவில்லை. அங்கே கம்பெனிதான் அரசாங்கமாக இருந்தது. அரசாங்கம்தான் ரொம்பப் பிந்தி, அதுவும் தயங்கித் தயங்கி உள்ளே வந்தது.

இதை மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவது முதல் லயம் எனப்படும் வரிசை வீடு, தண்ணீர், ஆயாக் கொட்டகை, ஆஸ்பத்திரி, கள்ளுக்கடை, கோயில் திருவிழாவுக்கு அனுமதி வரை எல்லாம் பெரிய துரையின் கையில் இருந்தன. பள்ளிக்கூடமும் அப்படியே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நடத்தியது கம்பெனி, ஆகவே அது எப்படிப்பட்ட பள்ளிக்கூடம் என்பதையும் கம்பெனியே முடிவு செய்தது. பல தோட்டங்களில் கிராணி என்ற எழுத்தரோ மண்டோர் என்ற மேஸ்திரியோதான் வாத்தியார்.

மேல்மட்டத்திலும் அதே ஆட்கள்தான். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் வழியாக ஆள் கொண்டுவர முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து பணம் கட்டும் ஏற்பாடு அது. அதை நடத்திய குழுவில் அரசு அதிகாரிகளோடு தோட்டத் துரைகளும் உட்கார்ந்தார்கள். 1909இல் கூட்டாட்சி மலாய் மாநிலங்களுக்கு சட்டமன்றம் போன்ற ஒரு சபை அமைந்தபோது, அதிகாரிகள் அல்லாதவர்களுக்கென்று வைத்த நியமன இடங்கள் தோட்டக்காரர்களுக்கும் ஈயச் சுரங்கக்காரர்களுக்கும் போயின. எரிக் மக்ஃபடியன் என்பவரின் வாழ்க்கையைப் பார்த்தால் அந்தக் கால ஏற்பாடு பளிச்சென்று புரியும். மலாயா அரசுப் பணிக்கு வந்தவர், சில வருடத்தில் வேலையை விட்டுத் தோட்டத் தொழிலுக்குப் போனார். தோட்டக்காரர் சங்கத்தில் தலைவரானார். அந்தச் சபையில் உறுப்பினரானார். 1923இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கே லிபரல் கட்சி உறுப்பினராகப் போய்ச் சேர்ந்தார். அரசு, தோட்டம், சட்டசபை மூன்றுக்கும் நடுவே ஒரு கதவுகூட அவருக்குச் சாத்தியிருக்கவில்லை. அதே சபையில் தோட்டத் தொழிலாளர் சார்பில் அவர்களே தேர்ந்தெடுத்து அனுப்பிய ஒருவர் என்ற பேச்சே அன்று எழவில்லை.

இந்த ஆட்சியை முதன்முதலாக உரக்கக் கேள்வி கேட்டது 1941 கிள்ளான் வேலைநிறுத்தம். ஆர்.எச்.நாதன் முன்நின்ற அந்தப் போராட்டம் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களுக்கும் பரவியது. கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடுவது இருந்தது, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்துவது இருந்தது. கூடவே, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் இருந்தது. கூலிக்காக முதலாளியோடு சண்டை போடலாம். சைக்கிளில் உட்கார்ந்திருக்க அனுமதி கேட்பது ராஜாவிடம் கேட்கிற மாதிரிதான். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். போராட்டத்தைப் பட்டாளத்தைக் கொண்டு அடக்கினார்கள்.

கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க 1948இல் அவசரகாலம் வந்தபோது இந்த அதிகாரம் இன்னும் இறுகியது. சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு தோட்டங்களுக்குச் சிறப்புக் காவலர்கள் வந்தார்கள். லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. துரைமார் கூலி கொடுப்பவர்கள் மட்டுமில்லை, பாதுகாப்பு ஏற்பாட்டிலும் ஓர் அங்கம் ஆனார்கள்.

சுதந்திரம் வந்தது, ஓட்டு வந்தது. ஆனால் தோட்டம் தனியார் நிலம் என்பது மாறவில்லை, இன்றும் மாறவில்லை. இந்த ஒரு சட்ட நிலைதான் மற்ற எல்லாவற்றையும் விளக்குகிறது. கிராமத்துக்கும் புதுக்கிராமத்துக்கும் அரசாங்கம் ரோடு போடலாம், தண்ணீர்க் குழாய் இழுக்கலாம், குப்பை எடுக்கலாம். தோட்டத்துக்குள் அது கம்பெனியின் பொறுப்பு. 1990இல் வந்த தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய சட்டமும் வீடு, தண்ணீர், குழந்தைக் காப்பகம் என எல்லாக் கடமையையும் முதலாளி தலையில்தான் வைத்தது. கடமை வைத்தது நல்லதுதான். ஆனால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தோட்டத்து ஆள் சட்டமன்ற உறுப்பினரிடம் போக மாட்டார். ஆபீசுக்குப் போவார்.

பள்ளிக்கூட விஷயத்தில் இதை இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பகுதி உதவி பெறும் பள்ளிகள்: வாத்தியார் சம்பளம் அரசாங்கத்தது, நிலம் கம்பெனியினுடையது. நாலு வகுப்பறை கொண்ட ஒரு புதுக் கட்டடத்துக்கு மானியம் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால், நிலத்தில் கட்ட ஆட்சேபம் இல்லை என்று கம்பெனி கடிதம் தர வேண்டும். பள்ளி வாரியத் தலைவர் தோட்டத்து மேனேஜரைப் பார்க்கிறார். மேனேஜர் இன்று பெரும்பாலும் உள்ளூர்க்காரர், சமயத்தில் நம்மவரே. "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே, எச்.கியூ. லெட்டர் வரணும்" என்கிறார். அது நிஜமும்கூட. தலைமையகத்தில் அந்தக் கோப்பு நிலப் பிரிவுக்குப் போகிறது. அந்த நிலம் பிற்காலத்தில் வீடமைப்புக்குப் போகக்கூடியதா என்று அங்கே பார்க்கிறார்கள். மாதங்கள் ஓடுகின்றன. மானியத்துக்கு விதித்த கெடு நெருங்குகிறது. வாரியத் தலைவர் இப்போது ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சிக்காரரையோ பி.கே.ஆர். (மக்கள் நீதிக் கட்சி) கட்சிக்காரரையோ பிடித்து, அவர் அமைச்சரைப் பிடித்து, அமைச்சர் கம்பெனியின் இயக்குநர் ஒருவரிடம் பேசி, கடிதம் வருகிறது. இங்கே கம்பெனியின் மனத்தை மாற்ற அரசாங்கம் கெஞ்சுகிறது. பொது விவகாரத்தில் நிர்வாகிகளின் பங்கு என்று கருத்தரங்கில் பேசும்போது இந்த மாதிரிக் கடிதங்கள் யார் நினைவுக்கும் வருவதில்லை.

துரை கை மாறிய நாள் ஒன்று உண்டு: 1981 செப்டம்பர் 7. அன்று காலை லண்டன் பங்குச் சந்தையில், பி.என்.பி. எனப்படும் தேசிய பங்கு முதலீட்டு நிறுவனம் சில மணி நேரத்துக்குள் கத்ரி நிறுவனத்தின் கட்டுப்பாட்டை வாங்கிவிட்டது. 1821இல் சிங்கப்பூரில் தொடங்கி, இந்த நாட்டில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஏக்கர் வைத்திருந்த கம்பெனி அது. பி.என்.பி.யின் தலைமை நிர்வாகியாக அந்தத் திட்டத்தில் முன்நின்றவர் காலிட் இப்ராஹிம். பிறகு 1995இல் கத்ரியையே நடத்தப் போனார். தோட்டம் வெள்ளைக்காரன் கையிலிருந்து நாட்டின் கைக்கு வந்ததில் பெருமைப்பட நியாயம் உண்டு. லயத்தில் இருந்தவருக்கு அன்று மாறியது கம்பெனி ஆபீஸ் சுவரில் தொங்கிய படம். அடுத்த இருபது வருடத்தில் மாறியது அதைவிடப் பெரிது: அரசு சார்ந்த கம்பெனிகளுக்கும் தோட்ட நிலம் என்பது டவுன்ஷிப் நிலம் ஆயிற்று. ஷா ஆலாமின் புக்கிட் ஜெலுத்தோங் ஒரு காலத்தில் கத்ரியின் ரப்பர் காடு.

இந்தப் பின்னணியோடுதான் காலிட் பி.கே.ஆர். வேட்பாளராக ஈஜோக்குக்கு வந்தார். ம.இ.கா.வின் கே.சிவலிங்கம் மறைந்ததால் 2007 ஏப்ரல் 28இல் நடந்த இடைத்தேர்தல் அது. வாக்காளர்கள் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். அதில் கால்வாசிக்கு மேல் இந்தியர்கள். அப்போது ஆண்ட தேசிய முன்னணி சார்பில் கே.பார்த்திபன் நின்றார். இடைத்தேர்தல் என்றால் என்ன நடக்கும் என்று நாம் எல்லோருக்கும் தெரியும், தார் ரோடு ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும். பார்த்திபன் 1,850 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். லட்சம் ஏக்கர் கணக்கில் ஆண்ட ஒருவரைத் தோட்டத்து ஓட்டு திருப்பி அனுப்பியது. பிறகு நவம்பர் 25இல் இந்தியர் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் பேரணி வந்தது, 2008 மார்ச் பொதுத் தேர்தல் வந்தது, சிலாங்கூரே எதிரணிக்குக் கைமாறியது.

மந்திரி பெசார் பதவியில் ஒரு முன்னாள் தோட்ட நிர்வாகி உட்காருவதில் தனி அர்த்தம் உண்டு. நம் அரசியலமைப்பில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற மாநில அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு, நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் துண்டு போட்டு விற்பதைக் கட்டுப்படுத்துகிறது. அதற்கான வாரியமும் மாநில அளவில்தான். அதாவது இத்தனை நாள் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டவர், இப்போது அந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் படிக்கிறார். இதை ஆபத்து என்றும் சொல்லலாம், அனுகூலம் என்றும் சொல்லலாம். கம்பெனி எந்த வரியில் எதை ஒளிக்கும் என்று அவருக்குத் தெரியும். கம்பெனியின் நியாயம் அவருக்குச் சீக்கிரம் புரியவும் செய்யும்.

அவருடைய ஆறு வருடத்தைத் திரும்பிப் பார்த்தால், என் கணக்கில் வரவு செலவு இரண்டும் உண்டு. மாதம் 20 கன மீட்டர் இலவசத் தண்ணீர், 2008லேயே. தனி மீட்டர் இருந்த வீடுகளுக்கு அது உடனே தெரிந்தது. கம்பெனி மொத்தமாக மீட்டர் வைத்திருந்த லயங்களுக்கு அப்படித் தெரிய வழியில்லை. 2011இல் தகவல் சுதந்திரச் சட்டத்தைச் சிலாங்கூர் சட்டமன்றம் நிறைவேற்றியது. கூட்டரசில் அப்படி ஒரு சட்டம் அன்று இல்லை. இதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். தன் தோட்டத்து நிலத்துக்கு மாற்று விண்ணப்பம் போட்டிருக்கிறார்களா என்று ஒரு சாதாரண ஆள் எழுதிக் கேட்க அது வழி செய்தது. கம்பெனியிலிருந்து வந்த ஒருவர் ஆட்சியில் இது நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. மாநிலச் சேமிப்பு அவர் இறங்கும்போது சுமார் மூன்று பில்லியன் ரிங்கிட். அவர் அதைச் சாதனையாகச் சொன்னார். ரோடு குழியாகக் கிடக்கும்போது பணத்தை வங்கியில் வைத்திருப்பது என்ன ஆட்சி என்று அவருடைய கூட்டணிக்காரர்களே கேட்டார்கள். கம்பெனி வருட முடிவில் கையிருப்பைக் காட்டினால் பங்குதாரர் கைதட்டுவார். பெஸ்தாரி ஜெயாவில் டயர் வெடித்தவர் தட்ட மாட்டார்.

அவரை வீழ்த்தியதும் அந்தக் குணம்தான் என்று நினைக்கிறேன். கலந்து பேசாமல் தனியாக முடிவெடுக்கிறார் என்பது கட்சிக்குள் நெடுநாள் புகார். தலைமை நிர்வாகிக்கு இயக்குநர் வாரியம் ஒன்று போதும்; அரசியல்வாதிக்குக் கட்சி, கூட்டணி, அரண்மனை, சட்டமன்றம், தெரு என்று ஐந்தாறு வாரியம். 2014இல் காஜாங் நகர்வு என்ற பெயரில் அவரை மாற்றும் முயற்சி தொடங்கி, ஆகஸ்டில் கட்சியிலிருந்து நீக்கம், செப்டம்பரில் அஸ்மின் அலி பதவியேற்பு என்று முடிந்தது. கத்ரி பங்குகள் வாங்க எடுத்த கடன் தொடர்பில் பேங்க் இஸ்லாமோடு இருந்த வழக்கும் அதே ஆண்டு நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது என்று கட்சிக்குள் கேள்வி எழுந்தது. கம்பெனியில் இருந்தபோது பட்ட கடன், பதவியில் இருக்கும்போது தீர்கிறது என்றால் மக்கள் கேட்கத்தான் செய்வார்கள். பதில் சரியாக இருந்தாலும் கேட்பார்கள். காலிட் 2022 ஜூலையில் காலமானார்.

அவர் காலமான அதே ஆண்டு நவம்பரில் தெங்கு சப்ருல் கோல சிலாங்கூருக்கு வந்தார். அவர் அரசாங்கத்துக்குள் நுழைந்த கதவு வேறு. நம் அரசியலமைப்பின்படி அமைச்சர் ஆக இரு அவையில் ஒன்றில் உறுப்பினராக இருந்தால் போதும். மேலவையில் 70 பேர். 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார், பிரதமரின் ஆலோசனைப்படி. ஆகவே பிரதமருக்கு ஒருவர் வேண்டுமென்றால் காலையில் செனட்டர், மாலையில் அமைச்சர். ஷெல் நிறுவனத்தில் வளர்ந்து மாஸ் விமான நிறுவனத்தை நடத்திய இட்ரிஸ் ஜாலா 2009இல் இப்படித்தான் அமைச்சரவைக்கு வந்தார். சப்ருல் 2020 மார்ச்சில், கொரோனா தொடங்கிய நேரத்தில், வங்கியிலிருந்து நேராக நிதியமைச்சர் ஆனார். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. பழைய காலத்து டாயிம் சைனுடினும் வியாபாரத்திலிருந்து 1984இல் நிதியமைச்சராக வந்தவர்தான்.

ஆனால் சப்ருல் கீழவைக்கு நிற்கத் துணிந்தார், அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். சுல்கிப்ளி அமாட்டிடம் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்றார். அந்த வித்தியாசம் பெரிய எஸ்டேட் ஒன்றின் ஓட்டுக்குள் அடங்கும். அடுத்த மாதம் மேலவை வழியாக அனைத்துலக வாணிப அமைச்சராகத் திரும்பி வந்தார். ஈஜோக்கில் 2007இல் வேண்டாம் என்ற ஓட்டுக்குக் காலிட் கட்டுப்பட்டார். மறுபடி வந்து கேட்டுத்தான் வாங்கினார். 2022இல் வேண்டாம் என்று சொன்ன ஓட்டு எங்கே போயிற்று என்று கேட்டால், அரசியலமைப்பில் அதற்கு இடம் வைக்கவில்லை என்பதுதான் பதில். எனக்கு இது உறுத்துகிறது. நிபுணரை நியமிப்பது ஒன்று. மக்களிடம் போய்த் தோற்றவரை இரண்டு வாரத்துக்குள் நியமிப்பது வேறு. தோற்றவருக்கு அந்த நாடாளுமன்றத் தவணை முடியும் வரை மேலவைக் கதவு இல்லை என்று ஒரு விதி இருந்தால் போதும், இந்தச் சிக்கல் தீரும்.

சிலாங்கூரில் மாநில மட்டத்தில் இந்தக் கதவு கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். மந்திரி பெசாராகவோ ஆட்சிக்குழு உறுப்பினராகவோ வர சட்டமன்றத்தில் ஜெயித்தே ஆக வேண்டும்.

அதற்கும் கீழே இறங்கினால் ஓட்டே கிடையாது. உள்ளூராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டம் அதை முழுவதுமாக எடுத்துவிட்டது. நகராண்மைக் கழக உறுப்பினர்கள் எட்டிலிருந்து இருபத்து நாலு பேர், மாநில அரசின் நியமனம், ஒரு தவணை மூன்று வருடத்துக்கு மேல் போகாது. யாரை நியமிக்கலாம் என்று சட்டத்தின் பத்தாவது பிரிவு சொல்கிறது: உள்ளூராட்சியில் அனுபவம் உள்ளவர், அல்லது ஏதேனும் தொழிலிலோ வணிகத்திலோ சிறந்து விளங்கியவர், அல்லது தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கத் தக்கவர். சட்டமே வியாபாரிக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. நடைமுறையில் கட்சிகள் பங்கு பிரித்துக்கொள்கின்றன. உள்ளூர்க் குத்தகைக்காரர் கட்சி ஆளாகவும் இருந்துவிட்டால் அவருக்கு இடம் கிடைப்பது சுலபம். பெரிய கம்பெனி நிர்வாகி அமைச்சரானால் பத்திரிகை முதல் பக்கம். சாக்கடைக் குத்தகை எடுப்பவர் கவுன்சிலர் ஆனால் யாரும் எழுதுவதில்லை, ஆனால் மழை வந்தால் லயத்துக்குள் வருவது அந்தச் சாக்கடைத் தண்ணீர்தான். சிலாங்கூரில் இந்தியச் சமூகத் தலைவர் என்ற நியமனப் பதவியும் உண்டு. அதற்கு யார் வருகிறார் என்பதையும் இதே கண்ணோடு பார்ப்பது நல்லது.

எதிர்ப்பக்கமாகப் போகும் கதவு பற்றிச் சுருக்கமாக. அரசியலில் இருந்தவர்கள் தோட்டக் கம்பெனிகளின் தலைவர்களாகப் போவது இங்கே சாதாரணம். கத்ரியும் கோல்டன் ஹோப்பும் சைம் டார்பியும் 2007இல் ஒன்றானபோது, அந்தப் பெரிய நிறுவனத்தின் தலைவராக வந்தவர் முன்னாள் துணைப் பிரதமர் துன் மூசா ஹீத்தாம். பெரும்பங்கு பி.என்.பி.யிடம் இருக்கிற கம்பெனிக்கு இது இயற்கை என்பார்கள். அந்தத் தோட்டத் தொழில் 2017இல் சைம் டார்பி பிளாண்டேஷன் என்ற தனிக் கம்பெனியாகப் பிரிந்து, 2024இல் எஸ்.டி. கத்ரி என்று பழைய பெயருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. நம்மவர்களும் இந்த ஆட்டத்தில் கைவைத்தார்கள்: 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ், ம.இ.கா. கட்சியே கம்பெனி நடத்தப் போன கதை. தாலியை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் தோட்டந்தோறும் இருந்தார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

சத்தமில்லாத ஒரு கதவு இன்னும் இருக்கிறது, உண்மையில் சம்பளத்தைத் தொடுவது அதுதான். குறைந்தபட்சச் சம்பளத்தைப் பரிந்துரைக்கும் தேசிய சம்பள ஆலோசனை மன்றத்தில் முதலாளிகள், தொழிலாளர்கள், அதிகாரிகள் என முத்தரப்பும் உட்காருகிறது. 2011இல் சட்டம் வந்து, 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் என்று தொடங்கியது, 2025 பிப்ரவரியில் 1,700க்கு வந்திருக்கிறது. செம்பனை ஆராய்ச்சியையும் உரிமங்களையும் கவனிக்கும் எம்.பி.ஓ.பி. வாரியத்திலும் தொழில்துறையினர் இருக்கிறார்கள். இங்கே நிர்வாகி தன் கம்பெனிக்காகத்தான் பேசுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். எதிரே தொழிற்சங்கக்காரரும் இருக்கிறார். இதில் எனக்குப் புகார் இல்லை. மறைவாகப் பேசுவதைவிட, பெயர் எழுதிய நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது எவ்வளவோ மேல். ஒரு குறை: அந்த மன்றத்தில் யார் எந்தத் தொகையைக் கேட்டார் என்பது தோட்டத்துக்கு வந்து சேர்வதில்லை. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அதைத் தமிழில் அச்சடித்து ஒட்டினால் நாலு பேர் படிப்பார்கள்.

இந்தக் கதவுகள் எதுவும் இல்லாத ஒரு கூட்டம் இன்று தோட்டத்தில் பெரும்பான்மை. பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி இப்போது குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியா, பங்களாதேஷ், நேப்பாளம், இந்தியாவிலிருந்து வந்தவர்கள். நம் ஆட்கள் டவுன் பக்கம் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளுக்கு இறங்கிவிட்டார்கள். புதியவர்களுக்கு ஈஜோக்கிலும் ஓட்டில்லை, கோல சிலாங்கூரிலும் ஓட்டில்லை. அவர்கள் நிலைமையை அசைத்தது நம் நாடாளுமன்றம்கூட இல்லை. 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் எஃப்.ஜி.வி., சைம் டார்பி பிளாண்டேஷன் என்ற இரண்டு தோட்ட நிறுவனங்களின் பாமாயிலையும் தடுத்து நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் ஆள் சேர்க்கும்போது ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் வேலை மும்முரமானது. சைம் டார்பி மீதான தடை 2023 பிப்ரவரியில் நீங்கியது. அந்தக் காலத்திலும் இந்தத் தொகுதிக்கு நாடாளுமன்ற உறுப்பினர் இருந்தார், சட்டமன்ற உறுப்பினர் இருந்தார், உள்ளூராட்சி மன்றமும் இருந்தது.